உவர்மலை வீட்டு முதிரைப் படிக்கட்டும் போன 185,000 ரூபாயும்

185,000 ரூபாய். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். முந்தாநாள்தான் முழுக்கதையும் விளங்கியது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்பின்னாக வரும்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். மாடிக்குப் போகும் பதினேழு படியும் கைபிடியும் 1978இல் வீடு கட்டும்போது அப்பா கந்தளாய்ப் பக்கம் இருந்து இறக்கிய முதிரை மரம். 1990இல் ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது யன்னல், கதவு, ஓடு எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். படிக்கட்டு மட்டும் நின்றது. (பாரம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.) இப்போது கீழிருந்து நாலாவது, ஐந்தாவது படியை மிதித்தால் கிறீச்சிடும். உப்புக்காற்று அடிக்கும் பக்கம் கைபிடி கறுத்துப்போனது. அதைத் தாங்கும் கடைசல் கால்களில் சில ஆடத் தொடங்கின. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்தக் கைபிடியைப் பிடித்துத்தான் காலையும் மாலையும் மேலே சாமி அறைக்குப் போவார்.

வேலையாட்களைத் தேடித் தரும் ஒரு இணையத்தளத்தில் ஆளைப் பிடித்தேன். நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது. ஊரில் தச்சு ஆசாரியார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். மூன்று மாதம் பொறு பிள்ளை என்றார். எனக்குப் பொறுமை இல்லை.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். படியில் ஏறாமல் முதலில் கைபிடியைப் பெருவிரலால் நீளத்துக்குத் தடவிக்கொண்டு போனான். நின்று, ஒரு கடைசல் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது முதிரை. இப்ப காசு குடுத்தாலும் இப்பிடி ஒண்டு எடுக்கேலாது. கவனமாத்தான் கை வைக்கவேணும்" என்றான். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் இப்படித்தான் தடவுவார். நான் உடனே பிளேன்ரீ ஊற்றப் போய்விட்டேன். விலை பேசவில்லை, வேறு ஆளைக் கேட்கவில்லை, எதையும் எழுதி வாங்கவில்லை. மரத்தை அறிந்தவன் மரத்துக்குத் துரோகம் செய்யமாட்டான் என்று நினைத்தேன். அவன் அன்று தடவிப் பார்த்தது விலையை என்பது இப்போதுதான் தெரிகிறது.

முற்பணம் 100,000. கணக்கில் வேறு பெயர் இருந்தது, மச்சானுடையது என்றான். பிறகு சீலர், தின்னர் விலை ஏறிவிட்டதென்று 60,000. ஆடுகிற கால்களை இங்கே வைத்துச் சரிசெய்ய ஏலாது, கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பதினாலு காலைக் கழற்றி லான்ட்மாஸ்டரில் ஏற்றினான். நானே கயிறு பிடித்துக் கொடுத்தேன்! ஒன்பது நாள் கழித்துக் கொண்டுவந்து பூட்டினான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கடும் மண்ணிறத்தில் அடித்தான். ஏன் இவ்வளவு இருட்டு, முதிரை மஞ்சள்தானே என்று கேட்டேன். இப்ப இதுதான் அக்கா ஸ்டைல் என்றான். மிச்சம் 25,000ஐயும் கொடுத்தேன். ஆக மொத்தம் 185,000.

அடித்தது நவம்பர் மாதம், வெளியே கொட்டுகிற மழை. மூன்றாம் நாள் படி முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளை படர்ந்தது. கால் வைத்தால் பிசுபிசுத்தது. அம்மாவின் குதிக்கால் அடையாளம் ஏழாவது படியில் இன்னும் இருக்கிறது.

கோல் எடுத்தேன். "மழைக்குணம் தானே அக்கா, வெயில் வந்தாத் தானாத் தெளியும்."

ஒரு கிழமை கழித்து: "சீனக்குடாவில வேலையில நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்." எடுக்கவில்லை.

பிறகு மகனுக்குக் காய்ச்சல் என்றான். நானும் பாவம் என்று நாலு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு கொழும்பில் நிற்கிறேன் என்றான். பிறகு வாட்ஸ்அப்பில் அவனுடைய படம் மறைந்தது. அவ்வளவுதான்.

முந்தாநாள் அம்மா இறங்கும்போது கைபிடி அசைந்து ஒரு கால் கழன்று விழுந்தது. பின்னால் வந்த என் மகள் பிடித்திராவிட்டால் இந்தப் பதிவை ஆஸ்பத்திரியில் இருந்துதான் எழுதியிருப்பேன். விழுந்த காலைத் தூக்கினேன், தக்கைபோல வந்தது. முதிரைக் கால் என்றால் கை சோர்ந்துவிடும். முளைக்குச்சி இல்லை, கொஞ்சம் பசையும் ஒரு இரண்டு இஞ்சி ஆணியும்தான். அந்த மூன்று மாதம் பொறு என்ற ஆசாரியாரையே வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். வந்து நகத்தால் அழுத்தினார், நகம் பதிந்தது. "பிள்ளை, இது அல்பீசியா, மெத்தென்ற மரம். சாயம் அடிச்சிருக்கு" என்றார். பதினாலும் அப்படித்தான். எங்கள் கால்கள் இப்போது எந்தப் பழம்பொருள் கடையில் நிற்கின்றனவோ.

வெள்ளை படர்ந்ததற்கும் அவர்தான் காரணம் சொன்னார். ஈரக்காற்றில் லாக்கர்ப் பூச்சு அடித்தால் அதில் கலந்த தின்னர் வேகமாகப் பறந்து மரத்தின் மேற்பரப்பைக் குளிரவைக்குமாம். காற்றில் உள்ள ஈரம் அதில் இறங்கி உள்ளே அகப்பட்டுவிடுமாம். பிசுபிசுப்பு வேறு கதை. அம்மா வருடக்கணக்காகப் பூசிவந்த மெழுகைத் துடைக்கவும் இல்லை, சாண்ட் பேப்பர் பிடிக்கவும் இல்லை, அதன் மேலேயே அடித்திருக்கிறான். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் தை பிறந்த பிறகு, காற்று காய்ந்ததும், புதிதாகத் தொடங்க வேண்டும். அந்தச் செலவை நான் இன்னும் கணக்குப் போடவில்லை. 185,000க்கு மேலே அது.

அந்த இணையத்தளத்துக்கு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று முதல் பதில். இரண்டாவது பதில், நாங்கள் அறிமுகம் செய்வது மட்டும்தான், காசு நீங்கள் இருவரும் பேசிக் கொடுத்தது. நான் போட்ட ஒற்றை நட்சத்திரம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. நாலரை எப்படி வந்ததென்று விளங்குகிறதா? பொலிசில் முறைப்பாடு எழுதியாயிற்று. நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கப் போகிறேன். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றும் பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார்.

ஆலோசனை விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், தலை இடிக்கிறது. மழைக்காலத்தில் வார்னிஷ், லாக்கர் எதுவும் வேண்டாம். பழைய மரம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள், நிறுத்துப் பாருங்கள். வேறு பெயருள்ள கணக்குக்குக் காசு போடாதீர்கள்.

இன்னொன்று. அவனுடைய விளம்பரம் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன், புதுப் படம் மாற்றியிருக்கிறான். மஞ்சள் மினுங்கும் முதிரைப் படிக்கட்டு, கடைசல் கால்கள், கீழ்ப்படியில் ஒரு பித்தளை வெற்றிலைத் தட்டு. அது அம்மாவின் தட்டு. முதல் நாள் அளவெடுக்க என்று எடுத்த படம். அந்தப் படத்தைக் கண்டால் கோல் எடுக்காதீர்கள்.