80,000 கி.மீ. சர்வீஸ்: மாற்றாத பிரேக் ஆயிலுக்கு பில் போட்ட கதை

கார் 70, 80 ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தால், அடுத்த சர்வீசுக்கு விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் எனக்கு நடந்தது. புகார் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலை பல இடங்களில் நடக்கிறது.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். போனில் கேட்டபோது "ஒம்பதாயிரத்து ஐநூறுக்குள்ள முடிஞ்சிருங்க சார்" என்றார்கள். காலையில் கொண்டுபோய் விட்டதும் அட்வைசர் தம்பி டேப்லெட்டில் தட்டித் தட்டி ஒரு எஸ்டிமேட் காட்டினார். 27,500. ஜிஎஸ்டி தனி.

"ஏன் தம்பி, போன்ல வேற சொன்னீங்க?"

"அது பேசிக் சர்வீஸ்ங்க சார். வண்டி எண்பதாயிரம் ஓடிருச்சு இல்லீங்களா, இனிமே பேக்கேஜோட பண்ணாத்தான் இன்ஜின் நிக்கும்."

அந்த 'எண்பதாயிரம்' என்ற எண்ணை வைத்துத்தான் மொத்த வியாபாரமும். பதினெட்டாயிரம் எங்கே ஏறியது என்று பார்த்தேன். முன் பிரேக் டிஸ்க் இரண்டும் பேடும் மாற்ற 8,200. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி நான்கும் சேர்ந்த 'காம்போ' 5,900. அடியில் துரு பிடிக்காமல் இருக்க கோட்டிங் 3,900. கோயம்புத்தூரில் எந்தக் கடல் காற்று வந்து என் வண்டியை அரிக்கப்போகிறது?

கையோடு மேனுவலைக் கொண்டுபோயிருந்தேன். வண்டியோடு வரும் புத்தகத்தில் பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கும்: எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று. என் வண்டிக்கு 80,000-க்கு நேரே இருந்தவை ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில். அவ்வளவுதான். ஃப்ளஷும் இல்லை, கோட்டிங்கும் இல்லை. இன்ஜின் ஃப்ளஷ் என்பது பழைய ஆயிலில் ஒரு டப்பாவை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு வடிப்பது. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு அது தேவைப்படாது. இன்ஜெக்டர் கிளீனிங் என்று இவர்கள் சொன்னதும் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் ஒரு பாட்டில்தான். விசாரித்ததும் அந்தத் தம்பியே ஒத்துக்கொண்டார்.

"இதெல்லாம் பண்ணலீன்னா எக்ஸ்டெண்டட் வாரண்டி போயிருமுங்க" என்று அடுத்த அஸ்திரம் வந்தது. வாரண்டி புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. என் புத்தகத்தில் இருப்பது, அட்டவணைப்படி சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. காம்போவைப் பற்றி ஒரு வரி இல்லை.

டிஸ்க்குக்கு வருவோம். "தேஞ்சிருச்சு" என்றார்களே தவிர எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. டிஸ்க்கிலேயே இதற்குக் கீழே போனால் மாற்றிவிடு என்று குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். என்னுடையதில் 20. பிறகு வெளியே ஒரு மெக்கானிக் வெர்னியர் வைத்து அளந்தபோது 21.3 இருந்தது. பேடும் பாதிக்கு மேல் பாக்கி. எட்டாயிரம் ரூபாய், ஒரு அளவுகோல் எடுக்காமல்.

இவ்வளவையும் அடித்துவிட்டு, மேனுவலில் இருப்பதை மட்டும் ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் வந்த பில் வரியெல்லாம் சேர்த்து 11,640. ஆயில் 4 லிட்டர் போட்டிருந்தது. மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர்தான். கேட்டதும் குறைத்தார்கள். அரை லிட்டர் பணம்தான், விடுங்கள். பில்லில் இன்னொரு வரி: பிரேக் ஆயில் 480, மாற்றும் கூலி 650. பிரச்சினையே இந்த வரியில்தான்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு குன்னூர். இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் வந்தேன். பர்லியாறு தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு, ஊர்ந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும்.

ஏன் இப்படி ஆகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் உள்ளே போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. அதனால்தான் கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இது டவுனுக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஏமாற்றுகிறவனுக்கு அதுதான் வசதி.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக்கூட முதலில் திறக்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "இங்க வந்து பாருங்க" என்றார். பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின் பின்னால் ஆயில் வடிக்கும் நிப்பிள் ஒன்று உண்டு, அதன் தலையில் ஒரு சின்ன ரப்பர் மூடி. அந்த மூடியையும் கேலிப்பரையும் சேர்த்து மழைக்காலத்துச் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. ஆயில் மாற்றியிருந்தால் மூடியைக் கழற்றி, ஸ்பேனர் போட்டு நிப்பிளைத் தளர்த்தியிருக்க வேண்டும். நாலு சக்கரத்திலும் ஒரு கீறல் இல்லை. பிறகுதான் மேலே டப்பாவைத் திறந்தார். உள்ளே கறுத்த டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுத்தபிறகுதான் அவரைக் கைவைக்கவிட்டேன். புது ஆயில், பிளீடிங் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) எல்லாம் சேர்த்து 700 வாங்கினார்.

எல்லாமே டுபாக்கூர் என்று சர்வீசையே தள்ளிப்போடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் கட்டாயம் மாற்றுங்கள். பெல்ட் ஓடும்போது அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து, செலவு பல மடங்காகும். பிளக்கிலும் என்ன வகை என்று பாருங்கள். இரிடியம் பிளக் ஒரு லட்சம் வரைகூடப் போகும், சாதா நிக்கல் பிளக் அதில் பாதிகூடத் தாங்காது. இரிடியம் போட்ட வண்டிக்கு 40,000-லேயே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். விலை ஒப்பிடும்போது இன்னொன்று: உதிரி பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய பில்லோடு ஒப்பிட்டால் பாகங்களின் வரி குறைந்திருக்க வேண்டும்.

போட்டோக்களோடு சர்வீஸ் மேனேஜரைப் பார்த்தேன். "பையன் மறந்திருப்பான் சார், ஃப்ரீயா மாத்தித் தர்றோம், ஒரு வாட்டர் வாஷும் போட்டுத் தர்றோம்" என்றார். மறந்த வேலைக்குக் கூலி மட்டும் எப்படி மறக்காமல் ஏறியது? அன்றைக்கு என் ஜாப் கார்டுக்கு ஸ்டோரிலிருந்து பிரேக் ஆயில் கொடுத்த பதிவைக் காட்டச் சொன்னேன். சிஸ்டம் டவுன் என்றார்கள். கம்பெனி தலைமை அலுவலகத்துக்கு பில், ஜாப் கார்டு, படங்களோடு மெயில் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் பிரேக் ஆயிலுக்கும் கூலிக்கும் வாங்கிய பணம் வரியோடு கணக்கில் வந்தது. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன், அது வரவில்லை. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

உங்கள் வண்டியை விடும்போது பழைய ஃபில்டர், பிளக் எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். பிரேக் ஆயிலுக்கு பழைய பாகம் என்று எதுவும் திரும்பி வராது. அதனால் விடுவதற்கு முன் டப்பாவுக்குள் இருக்கும் நிறத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பக்கத்தில் நிற்கிறேன் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் காரணம் சொல்லி உள்ளே விடாவிட்டால் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் அந்த அட்வைசர் தம்பி போன் செய்தார். "சார், ஃபீட்பேக் கால் வரும், பத்துக்குப் பத்து குடுத்துருங்க, ஒம்பது குடுத்தாக்கூட எனக்கு இன்சென்டிவ் கட்டாயிரும்." ஒன்று கொடுத்தேன். அடுத்த நாளே மேனேஜர் கூப்பிட்டு, மாற்ற முடியுமா என்று கேட்டார்.