நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம்: வீட்டுக்குள் பேப்பரா, நேராக வெளியிலா?

இரண்டு வழியும் பலன் தரும். ஆனால் முடிந்தால் முதல் நாளிலிருந்தே வெளியில் கூட்டிப்போவதுதான் என் தேர்வு. தரையில் விரித்த பேப்பரில் மூத்திரம், மலம் போகப் பழகும் குட்டி, வீட்டுக்குள்ளேயே போகலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. அப்புறம் அதை மாற்றுவது தனி வேலை. தரையில் கிடக்கும் கால்மிதியும் அதற்குப் பேப்பர்தான்!

வெளியில் பழக்குவதற்கு உழைப்பு அதிகம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் தோராயமாக 2 மணி நேரம்தான் அடக்க முடியும். இரவிலும் எழ வேண்டியிருக்கும். தினமும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள், பழைய வாசனையே நினைவூட்டிவிடும். போய் முடித்த கையோடு அங்கேயே தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, பேப்பர் யாருக்கு? உயரமான மாடியில் இருப்பவர்களுக்கு, பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு, முக்கியமாக, மற்ற நாய்கள் வராத இடம் பக்கத்தில் இல்லையென்றால், தடுப்பூசிகள் முடியாத குட்டிக்கு. குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். மற்ற நாய்கள் நடமாடும் இடம் அந்த வயதில் ஆபத்து. ஊசிகள் முடிந்ததும் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

எந்த வழியானாலும் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகப் பழகும். கறையை என்சைம் கிளீனரால் (வாசனையைச் சிதைத்து நீக்கும் நொதி கலந்த திரவம்) துடையுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதுவே மூத்திர வாசனை அடிக்கும்.