தாடைக் கட்டிக்கு அரசு பல் மருத்துவமனை: நம்பிப் போகலாம்

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி பற்றித்தான் எழுதுகிறேன். பல் பிடுங்குகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் தம்பியின் தாடைக் கட்டியை எடுத்தது இங்கேதான்.

கீழ்த்தாடையில், கடவாய்ப் பல் பக்கம் வீக்கம். வலியே இல்லை. எங்கள் ஊர் கிளினிக்கில் சொத்தைப் பல் என்று பிடுங்கி மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வற்றவில்லை. இங்கே வாய் அறுவைப் பிரிவில் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி கறுப்புக் கறுப்பாக அறைகள். ஆனாலும் பயாப்ஸி (கட்டியில் சின்னத் துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் வரும்வரை பெயர் சொல்லவே இல்லை. வந்ததும் சொன்னார்கள்: அமிலோபிளாஸ்டோமா. பல் முளைக்கும்போது எனாமலை உண்டாக்குகிற திசுவின் மிச்சத்திலிருந்து வருவதாம். பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வரும். புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். அதனால் தாடை எலும்பில் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள்.

"சுரண்டி மட்டும் எடுத்தா போதாதா டாக்டர்?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார். அந்த இளம் டாக்டர் எரிச்சல்படவில்லை. எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்து, கட்டியின் ஓரத்தைத் தாண்டிப் பேனாவால் கோடு போட்டார். "கண்ணுக்குத் தெரியாம இதுவரைக்கும் பரவியிருக்கும்மா. சுரண்டினா பாதிப் பேருக்கு மேல திரும்ப வருது. ஒன்றிலிருந்து ரெண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கணும்" என்றார். தம்பியின் கீழுதட்டைப் பஞ்சால் தொட்டுக் காட்டி, நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது, பிறகு இந்த இடம் மரத்துப்போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். மரத்தபோது யாரும் பதறவில்லை.

எடுத்த இடத்தில் டைட்டானியம் பிளேட் வைத்திருக்கிறார்கள். காலில் இருந்து எலும்பு எடுத்து வைப்பது பற்றிப் பிறகு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது குழைந்த சாதம், இட்லி நன்றாகச் சாப்பிடுகிறான்; முறுக்குக்கு இன்னும் தடைதான்.

போகிறவர்கள் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பழைய எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை இரண்டும் கையோடு இருக்கட்டும். பல வருடம் கழித்தும் இது திரும்ப வருமாம், அதனால் செக்கப்பை நிறுத்தக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.