ஆரையம்பதி ஓடாவியாரிடம் (தச்சரிடம்) செய்வித்த மேசையும் கதிரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொன்ன தவணைக்குச் சாமான் கிடைக்காது. இரண்டு கிழமை என்றவர் ஐந்து கிழமை ஆக்கிவிட்டார். அதனால்தான் ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

மகளுக்கு எட்டு வயது, தரம் 3. பெருமூளை வாதம், ஒரு கால் இழுக்கும், கைகளில் இறுக்கம். பன்னிரண்டு வரைக்கும் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வாள், ஆனால் கொப்பியைத் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். போன வருடம் வகுப்பு டீச்சர், "பிள்ளைக்கு விளங்குதில்ல, விசேட கல்வி அலகுக்கு மாத்தினா நல்லம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதனால் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தங்கள் பிள்ளையை இருத்த வேண்டாம் என்று கேட்ட தாய்மாரும் இருந்தார்கள், ஏதோ தொற்று வருத்தம் போல.

தரம் 1இல் சேர்க்கப் போனபோதே இழுபறிதான். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் மச்சான், இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கைச் சட்டத்தை, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை, பிரதி எடுத்துத் தந்தார். இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவில் இருக்கிறது. காட்டினோம், இடம் கிடைத்தது. கிடைத்த இடம் கடைசி வாங்கு, கால் நிலத்தில் படாது, மேசை நெஞ்சு உயரம்.

எழுத்து கெடுவதற்கு இந்த இருக்கைதான் காரணம் என்று கண்டுபிடித்தது தொழிற்சிகிச்சை மிஸ்தான். "நீங்க மதில்ல ஏறி இருந்து, காலைத் தொங்கப்போட்டு, எட்டாத மேசையில எழுதிப் பாருங்க" என்றார். விழாமல் இருக்கவே பிள்ளையின் பலம் எல்லாம் போகிறதாம், பிறகு விரலுக்கு என்ன மிஞ்சும்? மேசை கதிரைக்கு ஒரு படமும் கீறித் தந்தார்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஓடாவியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். மகளைப் பலகையில் இருத்தி, காலுக்குக் கீழே ஒவ்வொரு செங்கல்லாக வைத்துக்கொண்டு, "காணுமா மகள்?" என்று அவளிடமே கேட்டார். "இன்னொண்டு." மறுகா இன்னொண்டு. நான் இடையில் வாய் திறந்தேன், "நீங்க கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார். மூன்றாவது கல்லைப் பாதியாக உடைத்து வைத்த பிறகுதான் தலையாட்டினாள். இத்தனை வருடத்தில் அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

சாமான் மலைவேம்பு மரம். வயிறு அடங்கும்படி மேசையை அரைவட்டமாக வெட்டியிருக்கிறார், இரண்டு முழங்கையும் பலகையில் தங்கும். மேல் பக்கம் சற்றே சரிவு, பென்சில் உருளாமல் விளிம்பில் சட்டம், கால் வைக்கத் தனிப் பலகை, வளர வளர உயர்த்த நாலு துளை. இருபத்தோராயிரம் எடுத்தார். குறையும் உண்டு: தூக்க இரண்டு பேர் வேண்டும், வார்னிஷ் மணம் ஒரு கிழமை போகவில்லை, ஒரு போல்ட் நீட்டிக்கொண்டு சீருடையைக் கிழித்தது. அதற்குக் காசு வாங்காமல் ரப்பர் மூடி போட்டுத் தந்தார்.

வகுப்பில் கொண்டுபோய்ப் போட்டு இரண்டு மாதத்தில் எழுத்து கோட்டில் நிற்கத் தொடங்கியது. டீச்சர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "வீட்டில யார் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாராம். மகள் அவர் கண் முன்னாலேயே ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிக் காட்டியிருக்கிறாள். விசேட அலகுப் பேச்சு அதோடு சரி. இப்போது அந்த மேசையில் இருக்கப் பொடியன்களுக்குள் போட்டி, பென்சில் விழாதாம்.

வகுப்பு வாசலில் மூன்று படி அப்படியேதான் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சரிவுப் பாதைக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டு அடிச் சரிவு. ஓடாவியாரிடம் கேட்டேன், "அது மேசன்ட வேலை" என்று கையை விரித்துவிட்டார்.

போகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளை இல்லாமல் அளவு எடுக்கமாட்டார். பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஞாயிறு பூட்டு.