‘வேர் பிடித்த மூலிகைக் குச்சிகள்’ வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டிலேயே ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் ஊட்டம் கலந்த நீரில் செடி வளர்க்கும்) தொட்டி அமைத்து மூலிகை வளர்க்க நினைப்பவர்களைக் குறிவைத்து, நீரிலேயே வேர் விட்ட குச்சிகள், வேர் ஊக்கி, ‘முழுமையான’ ஊட்டக் கரைசல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெட்டியை இணையம் வழியாக வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். இதே வகைச் சரக்கு வெவ்வேறு பெயர்களில் உலவுவதால், விற்றவரின் பெயரைவிடச் சரக்கின் அடையாளங்களைச் சொல்வதே பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் குச்சிகள். நீரில் விட்ட வேர் வெண்மையாக, வழவழப்பாக, கிளைகள் குறைவாக இருக்கும். எனக்கு வந்த புதினாவின் வேர்களோ பழுப்பேறி, இடுக்குகளில் தென்னை நார்த்தூள் ஒட்டியிருக்க, அவசரமாகக் கழுவி அனுப்பப்பட்டவை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. மண்ணிலோ நார்த்தூளிலோ வளர்ந்த வேரைத் திடீரென்று நீருக்கு மாற்றினால் அதில் பெரும்பகுதி அழுகிவிடுவதுண்டு; கூடவே வேரழுகல் நோய்க் கிருமியும் தொட்டிக்குள் வந்து சேரும். ரோஸ்மேரியில் நடந்தது இன்னும் மோசம். ஸ்பாஞ்சில் செருகியிருந்த குச்சியை உருவிப் பார்த்தபோது, வெட்டிய முனை புத்தம் புதிதாக இருந்ததே தவிர, வேரும் இல்லை, வேர் வருவதற்கு முன் வெட்டுவாயில் திரளும் வெளிறிய திசுவும் இல்லை. ரோஸ்மேரி வேர் பிடிக்கப் பல வாரங்கள் ஆகும். ஆனால் வெட்டிய பின்னும் நெடுநாள் பச்சையாகவே நிற்கும். விற்றவர் அந்தப் பச்சையைத்தான் காசாக்கியிருக்கிறார். பட்டியலில் ‘கொத்தமல்லிக் குச்சி’ என்றும் ஒன்று இருந்தது. விதையிலிருந்து வளர்க்கும் செடிக்கு எதற்குக் குச்சி என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வேர் ஊக்கிப் புட்டியில் மூலப்பொருளின் பெயரோ, செறிவோ, காலாவதித் தேதியோ அச்சிடப்படவில்லை. முறையான வேர் ஊக்கிகளில் பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலமோ நாப்தலீன் அசெட்டிக் அமிலமோ இருக்கும். அதன் விழுக்காடும் மேலுறையில் இருக்கும். உண்மையில் புதினாவுக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் எந்த ஊக்கியும் தேவையில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த செடியிலிருந்து கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய குச்சிகளில் பாதியை வெறும் நீரிலும் மீதியை இந்தத் திரவம் கலந்த நீரிலும் அருகருகே வைத்தேன். வெறும் நீரில் இருந்தவற்றின் கணுக்களில் வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்த வேளையில், மற்றவற்றின் அடித்தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது.

பெரிய ஏமாற்று ஊட்டக் கரைசலில்தான் இருந்தது. செறிந்த நிலையில் கால்சியத்தைப் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்த்தால் அவை வினைபுரிந்து அடியில் படிந்துவிடும் என்பதாலேயே, ஹைட்ரோபோனிக் திரவ உரங்களைப் பொதுவாக ஏ, பி என இரண்டு புட்டிகளில் தருகிறார்கள். ஒரே பொதியாக வரும் தயாரிப்புகளும் உண்டு என்றாலும் அவற்றின்மீது ஒவ்வொரு சத்தின் அளவும் குறிப்பிடப்பட்டிருக்கும். எனக்கு வந்ததோ ஒற்றைப் புட்டி, பச்சைச் சாயம், ‘எல்லாச் சத்தும் அடங்கியது’ என்ற ஒரே வரி. உப்பு நீக்கிய நீரில் அவர்கள் சொன்ன அளவை ஊற்றி மின்கடத்துத்திறனை அளக்கும் ஈ.சி. மீட்டரை வைத்தால், முள் அசைய மறுத்தது என்று சொல்லும்படி எண் ஏறவே இல்லை. நைட்ரேட் உப்புகள், பொட்டாசியம் உப்புகள் போன்றவை கரைந்தால் மின்கடத்துத்திறன் கட்டாயம் உயரும். யூரியா கரைந்தாலும் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரியாததால் உயராது. ஆகவே புட்டியில் இருப்பது வெறும் யூரியாதானோ என்று சந்தேகம் வந்தது. தொட்டி நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நாளுக்கு நாள் ஏறியதும், மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி அடித்ததும் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவைச் செடிக்கு ஏற்ற வடிவமாக மாற்றித் தரும். சிறு தொட்டியில் அந்த வேலை ஒழுங்காக நடக்காது, உருவாகும் அம்மோனியாவோ இளம் வேரைக் கருக்கிவிடும்.

இதில் யூரியா இருக்கிறதா என்று நேராகக் கேட்டதற்கு, “நைட்ரஜன் எல்லாம் ஒன்றுதான் சார்” என்று பதில் வந்தது. அதற்கு முன்பு என் தண்ணீர் சரியில்லை என்றார்கள், பிறகு வெளிச்சம் போதவில்லை என்றார்கள், கடைசியாக உயிருள்ள செடிகளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். புட்டிகளுக்கு ஏது உயிர் என்று கேட்ட பிறகு பதிலே இல்லை. பணம் செலுத்திய சேவையில் புகார் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை.

இதையும் மீறி வாங்குவதானால், ஸ்பாஞ்சை நீக்கி வேர் முழுவதும் தெரியும் படத்தை முன்கூட்டியே கேளுங்கள்; உரப் புட்டியின் மேலுறைப் படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பெட்டி வந்ததும் திறப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, கரைசலைத் தொட்டியில் ஊற்றுமுன் ஒரு குவளை நீரில் கலந்து மீட்டரில் பாருங்கள். எண் ஏறாவிட்டால் மீதிப் புட்டியை மூடியபடியே வைத்திருங்கள்; புகாருக்கு அதுவே சான்று.