நன்றாக ஓடிய ட்ரெட்மில்லுக்கு மட்டும் ஏன் விலை இல்லை?

வீட்டில் இருந்த ட்ரெட்மில்லை விற்றாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "அதே மாடல் செகண்ட் ஹேண்டில் ஒன்று வருகிறது, எடுக்கலாமா?" என்று கேட்டார். ஃபோனில் சொல்ல ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கிலோ தாங்கும், எத்தனை வேகம் போகும் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. ஹெச்பி, அதாவது மோட்டாரின் குதிரைத்திறன், பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச சக்தி. தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தருவது அதைவிடக் குறைவு. பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

மெஷினைப் பற்றிய நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கோபம் வரும், அப்போது இதெல்லாம் விட்டுப்போகும்.

பெல்ட் அகலமானது, கால் ஓரத்தில் தட்டாது. அடியில் இருக்கும் ரப்பர் குஷன் கடைசி நாள் வரை இறுகவில்லை. தரையில் ஓடினால் புலம்பும் என் முழங்கால் இதன்மேல் ஒரு நாளும் புலம்பியதில்லை. கைப்பிடி ஆடவில்லை. வீட்டில் இரண்டு பேர் வருடக்கணக்கில் தினமும் ஓடியிருக்கிறோம். "துணி காயப்போடத்தானே வாங்கினீர்கள்" என்று பார்க்க வந்தவர்கள் அடித்த ஜோக் ஒன்றுதான், சிரித்துச் சிரித்து எனக்கு வாய் வலித்தது. எங்கள் வீட்டில் துணிக்குத் தனியாகக் கொடி இருக்கிறது.

விற்கும்போது அந்த ஓட்டமே எங்களுக்கு எதிராகத் திரும்பியது.

பழைய உடற்பயிற்சிக் கருவி விளம்பரங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: "அதிகம் பயன்படுத்தவில்லை." வாங்குபவரும் அதைத்தான் தேடுகிறார். நான் உண்மையை எழுதினேன்: தினமும் ஓடியது, நேரத்துக்கு ஆயில் போட்டது, மோட்டாரை இயக்கும் சர்க்யூட்டான கன்ட்ரோல் போர்டு ஒரு முறை சரி செய்தது, பில் இருக்கிறது. அழைத்தவர்கள் முதலில் கேட்டது, "அவ்வளவு ஓடியிருக்கிறதா?" அடுத்தது, "ரிப்பேர் ஆன மெஷினா?" மூன்றாவது, "கடைசி விலை சொல்லுங்க."

பில்லைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்று பார்த்தால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டே விலையைக் குறைத்தார் ஒருவர். அதே வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு ட்ரெட்மில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் மூலையில் நின்றது, என்னுடையதைவிட அதிக விலைக்குப் போனது. என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நின்றே கிடந்த ட்ரெட்மில்லுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சிலிக்கான் ஆயில் ஒரு மெல்லிய படலமாக இருக்க வேண்டும். ஓடாமல் கிடந்தால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், மேலே தூசி சேரும். பெல்ட் முன்னும் பின்னும் ரோலரைச் சுற்றி வளைந்த இடத்திலேயே படிந்துபோகும்; ஓட விட்டால் அந்த மடிப்பு வரும்போதெல்லாம் ஒரு தட்டல் கேட்கும். மோட்டாரையும் முன் ரோலரையும் இணைக்கும் வரிப் பட்டை விறைத்துப்போகும். ஈரமான அறை என்றால் பேரிங்கில் துரு. இப்படிப்பட்ட மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் நாளே உற்சாகமாக ஓடினால், காய்ந்த பலகைமேல் பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும். சூடு ஏறும். அந்தச் சூட்டின் செலவைக் கடைசியில் கட்டுவது கன்ட்ரோல் போர்டு. ட்ரெட்மில்லில் போர்டு எரிந்த கதைகளில் பாதிக்குமேல் ஆயில் போடாத கதைகள்தான் என்பது என் சந்தேகம்.

நியாயமாகவும் பேச வேண்டும். நிறைய ஓடிய எல்லா மெஷினும் நல்ல மெஷின் ஆகிவிடாது. ஆயிலே பார்க்காமல் ஓட்டியிருந்தால் அடிப்பலகையின் வழவழப்பு தேய்ந்து, நடுவில் வெளுத்த தடம் விழுந்திருக்கும். அதற்குப் புது பெல்ட் போட்டாலும் பலகை அதையும் தின்றுவிடும். சில மாடல்களில் பலகையைத் திருப்பிப் போடலாம், சிலவற்றில் முடியாது. அதனால் எவ்வளவு ஓடியது என்று கேட்பதோடு, எப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை வந்தவர்களில் ஒருவரைத் தவிர யாரும் கேட்கவில்லை. பெரும்பாலோர் செய்த பரிசோதனை: ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது, "மூன்று, இரண்டு, ஒன்று" என்று அது பீப் அடிப்பதை ரசிப்பது, ஆள் ஏறாமலேயே வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது. ஆள் ஏறாத ட்ரெட்மில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அந்த பீப் சத்தத்தை அணைக்க வழியே இல்லை என்பது இந்த மாடலில் என் நீண்டநாள் எரிச்சல். விடியற்காலையில் வீட்டையே எழுப்பிவிடும். வந்தவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது!

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலம் முன்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது, டிஸ்பிளே மட்டும் எரிந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார், "இந்த மாடல் நின்றுபோச்சு, போர்டு வராது, புதுசு எடுத்துடுங்க" என்றார். ஒரு மெஷினை விற்கும்போது காலம் முழுக்கத் துணை நிற்பதுபோலப் பேசிவிட்டு, ஒரு போர்டுக்குக் கையை விரிக்கிறார்கள். கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்யும் ஒருவர்தான் போர்டைக் கழற்றிக்கொண்டுபோய், எரிந்த பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. நான் எல்லோரிடமும் காட்டிய பில் அவருடையதுதான்.

இடையில் மற்ற சாமான்களும் விற்பனைக்குப் போயின. இரும்பு என்றால் கவலையே இல்லை. டம்பெல், கம்பியில் மாட்டும் எடைத் தட்டான பிளேட் எல்லாம் விளம்பரம் போட்ட வேகத்தில் போனது, துருவைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. பிளேட் ஓட்டையின் அளவை மட்டும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். தடித்த கம்பிக்கான ஒலிம்பிக் பிளேட்டுக்கு 50 மில்லிமீட்டர். வீட்டு உபயோகத்தில் நிறையப் புழங்கும் மெல்லிய கம்பிக்கான பிளேட்டில் அதில் பாதிக்குச் சற்று மேல். இதை எழுதாவிட்டால் பாதி அழைப்பு அதற்கே போய்விடும். டம்பெல்லை ஜோடி பிரித்து விற்கவே கூடாது. நடு எடைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சம் நம் தலையில். ரப்பர் பேண்டுகளை விற்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். பழைய ரப்பர் எப்போது அறுந்து யார் முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

எடையை மாற்றிக்கொள்ளும் வகை டம்பெல் வைத்திருப்பவர்கள், விற்பதற்கு முன் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். தூக்கும்போது தட்டுகள் கழன்று விழலாம் என்று 2025 ஜூனில் அமெரிக்காவில் பௌஃப்ளெக்ஸ் 552, 1090 மாடல்களைத் திரும்பப் பெற்றார்கள், கிட்டத்தட்ட 38 லட்சம் டம்பெல்கள். ட்ரெட்மில்லிலும் இது உண்டு: 2021 மே மாதம், ஒரு குழந்தை இறந்த பிறகு, பெலட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் மாடலைத் திரும்பப் பெற்றது. இணையத்தோடு பிணைந்த மெஷின்களில் வேறொரு தலைவலி. வன்பொருள் மட்டும்தான் கைமாறும், அதன் திரையில் வரும் பயிற்சி வகுப்புகளுக்கு வாங்குபவர் மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும். பெலட்டன் 2024-ல் இன்னும் ஒரு படி போய், தன் பழைய உடற்பயிற்சி சைக்கிளை வேறொருவரிடமிருந்து வாங்குபவரிடம் ஆக்டிவேஷனுக்கென்றே ஒரு கட்டணம் வாங்க ஆரம்பித்தது. விற்பவர் இதை மறைத்தால் மறுநாளே ஃபோன் வரும்.

என் ட்ரெட்மில்லை வாங்கியவர் ஒரு பெண்மணி. பையிலிருந்து போல்ட் கழற்றும் ஆலன் கீயும் சின்ன டார்ச்சும் எடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இவர் வேறு ஆள். ஸ்டார்ட்டைத் தொடவே இல்லை. ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னார். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, விரல்களை உள்ளே நீட்டி, பலகையின் நடுவில் தடவிப் பார்த்து, விரலைத் தேய்த்துக்கொண்டார். "சிலிக்கான்தானே போடுறீங்க? வேற எண்ணெய் எதுவும் இல்லையே?" என்றார். சாதாரண மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாம் பெல்ட்டின் அடிப்பக்கத்தைக் கெடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெல்ட்டை நடுவில் தூக்கிப் பார்த்தார். இரண்டு மூன்று அங்குலம் எழும்பினால் இழுவிசை சரி. பிறகு ஓட விட்டு, மெதுவான வேகத்தில் ஏறி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை அழுத்தி பெல்ட்டை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. கால் மணி நேரம் நடந்தார், இறங்கி மோட்டார் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார், அப்புறம் காதையும். "முன் ரோலர் பேரிங் பேச ஆரம்பிச்சிருக்கு" என்றார். நானும் காது வைத்தேன். லேசாக ஒரு முனகல், ஆமாம். டிஸ்பிளேயில் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி மொத்தக் கிலோமீட்டரையும் பார்த்துவிட்டார். பல மாடல்களில் அப்படி ஒரு மறைவான கணக்கு இருக்கிறது. "அதிகம் பயன்படுத்தவில்லை" என்று எழுதுபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இவ்வளவும் தெரிந்தவர் நல்ல விலை கொடுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? வந்தவர்களிலேயே அதிகமாகக் குறைத்தது அவர்தான். பேரிங்குக்கு இவ்வளவு, நின்றுபோன மாடல் என்பதற்கு இவ்வளவு, வாரண்டி முதலில் வாங்கியவரோடு போச்சு என்பதற்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒரு கழிவுக்கும் என்னிடம் பதில் இல்லை. கொடுத்துவிட்டேன். மனசு நிறைந்துதான் கொடுத்தேன், ஆனால் அன்று சாயங்காலம் அந்தப் பிளாஸ்டிக் உறை ட்ரெட்மில் ஞாபகம் வந்து மறுபடி எரிச்சல்.

மெஷினை வெளியே எடுப்பது தனிப் படலம். பெட்டியில் பாகங்களாக உள்ளே வந்தது, முழு உருவத்தில் கதவைத் தாண்டாது. மடக்கினாலும் 90 கிலோ, அதுவும் எடை முழுக்க மோட்டார் பக்கம். சாய்வு ஏற்றும் வசதி இருந்தால் முதலில் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் சக்கரம் தரையில் சரியாக உட்காராது. நிற்கும் இரண்டு கம்பங்களில் ஒன்றுக்குள் டிஸ்பிளேக்குப் போகும் ஒயர் ஓடுகிறது. பழைய மெஷின்கள் வண்டி ஏறிப் போன இடத்தில் செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் அந்த ஒயர்தான். கம்பத்தைக் கழற்றும் முன் அடியில் இருக்கும் கனெக்டரைப் பிரித்து, அதன் முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, அப்புறம் கம்பத்தை உருவ வேண்டும். நூல் கம்பத்துக்குள்ளேயே கிடக்கும். திரும்பப் பூட்டும்போது அதை இழுத்தால் ஒயர் தானாக மேலே வரும். நூல் இல்லாமல் தள்ளித் தள்ளி ஏற்றுகிறவர்கள் கம்பத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒயரை நசுக்கிவிடுவார்கள். டிஸ்பிளே ஏதோ ஒரு எர்ரரைக் காட்டும், "ஏமாற்றிவிட்டான்" என்று விற்றவனுக்கு ஃபோன் வரும். போல்ட்டுகளை எந்தப் பக்கத்தது என்று எழுதித் தனித்தனிக் கவரில் போட்டேன். சேஃப்டி கீயைக் கையில் கொடுத்தேன். அது இல்லாமல் மெஷின் கிளம்பாது, முதலில் தொலைவதும் அதுதான். மிச்சமிருந்த அரை பாட்டில் சிலிக்கான் ஆயிலை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். விலையில் சேர்த்தியாம்.

நண்பருக்கு என் பதில். நல்ல ட்ரெட்மில், ஓடியவரை எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, பீப்பைத் தவிர. நீங்கள் வாங்க வேண்டாம். அடுத்த முறை போர்டு போனால் எனக்குக் கிடைத்ததுபோல ஒரு ரிப்பேர்காரர் உங்களுக்குக் கிடைப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, உங்களுக்கு ஆலன் கீ பிடிக்கும் பொறுமையும் கிடையாது. உதிரிபாகம் தராத நிறுவனத்தின் மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் எனக்கு இனி வேண்டாம். காலியான இடத்துக்கு மோட்டாரே இல்லாத, துடுப்பு வலிப்பதுபோல இழுக்கும் ரோயிங் மெஷின் ஒன்று, செகண்ட் ஹேண்டில்தான், தேடிக்கொண்டிருக்கிறேன். கான்செப்ட் 2 கம்பெனியுடையது கிடைத்தால் நல்லது: காற்றுத் தடையில் சுழலும் சக்கரம், எரிந்துபோக மோட்டார் போர்டு கிடையாது, பழைய மாடல்களுக்கும் அவர்களே பாகம் விற்கிறார்கள், 50 மணி நேரத்துக்கு ஒரு முறை சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் போதும். யாராவது விற்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள். மானிட்டரில் மொத்த மீட்டர் எவ்வளவு என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், விலையை அப்புறம் பேசலாம்.