பேட்டர்னா, பின் நம்பரா, கைரேகையா: ஃபோன் பூட்டுகளில் எது எதைக் காக்கிறது?

ஃபோனை என்கிரிப்ட் செய்யலாமா, அதாவது உள்ளிருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இப்போது வேலை இல்லை. ஆண்ட்ராய்டு 10-இல் தொடங்கி, புதிதாக வெளிவரும் ஃபோன்களில் அது கட்டாயம். ஐஃபோனில் பாஸ்கோடு (அங்கே பின் நம்பருக்கும் பாஸ்வேர்டுக்கும் அதுதான் பெயர்) வைத்த உடனேயே அது நடந்துவிடுகிறது. நம் கையில் மிச்சமிருக்கும் முடிவு ஒன்றுதான்: அந்தக் குறியாக்கத்தின் சாவி எதிலிருந்து பிறக்க வேண்டும்? செட்டிங்ஸைத் திறந்தால் ஸ்வைப், பேட்டர்ன், பின் நம்பர், பாஸ்வேர்டு, கைரேகை, முகம் எல்லாம் ஒரே பட்டியலில், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பதுபோல் அடுத்தடுத்து நிற்கின்றன. உண்மையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்வைப்பை இங்கேயே விட்டுவிடலாம். அதில் சாவி எடுத்தவன் கையில்.

சாவி எப்படி உருவாகிறது

பழைய ஃபோன்களில் திரைப்பூட்டு என்பது கதவில் தொங்கும் பூட்டு மட்டும்தான். உள்ளே படங்களும் குறுஞ்செய்திகளும் திறந்தபடி கிடக்கும். நினைவகச் சிப்பைக் கழற்றி வேறு கருவியில் பொருத்தினால் படித்துவிடலாம். இப்போது உள்ளே இருப்பது முழுவதும் ஏஇஎஸ் என்ற தரமான குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி இரண்டு பொருள்களின் கலவை. ஒன்று, நீங்கள் உள்ளிடும் ரகசியம். மற்றொன்று, தயாரிக்கும்போதே சிப்புக்குள் பதித்துவிட்ட ஓர் எண். அதை எந்த மென்பொருளாலும் வெளியே எடுத்துப் படிக்க முடியாது. ஆகவே சிப்பைக் கழற்றிக்கொண்டு போனாலும் பயன் இல்லை. நூறு கணினிகளை வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் ஊகித்துப் பார்க்கவும் வழியில்லை. எந்த ஊகமும் அதே ஃபோனில், ஒவ்வொன்றாகத்தான் நடக்க வேண்டும்.

அப்படியானால் கேள்வி, எத்தனை ஊகத்துக்கு இடம் உண்டு, எவ்வளவு வேகத்தில் என்பதுதான். ஐஃபோனில் ஒரு பாஸ்கோடைச் சோதிக்க சுமார் 80 மில்லி விநாடி பிடிக்கும்படி கணக்கை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல், தவறு கூடக்கூட ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று காக்க வைக்கும். பத்தாவது தவறில் எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதியையும் விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டிலும் காத்திருப்பு இப்படித்தான் நீள்கிறது.

சரி, இந்தக் காத்திருப்பை யாரோ முறியடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 80 மில்லி விநாடிக் கணக்கு மட்டும் மிச்சம். நான்கு இலக்க எண்கள் மொத்தமே 10,000. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 13 நிமிடம் போதும். ஆறு இலக்கம் என்றால் 22 மணி நேரம். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு எழுத்துப் பாஸ்வேர்டுக்கு ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது ஆப்பிள் நிறுவனமே தரும் கணக்கு. நீளத்தில் இரண்டு இலக்கம் கூடும்போது நிமிடங்கள் மணிகளாகின்றன. எழுத்துகளும் கலந்துவிட்டால் ஆண்டுகள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூடு நடத்தியவரின் ஐஃபோன் 5சி, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கைக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் வழியாக அவர்கள் ஆப்பிளிடம் கேட்டது குறியாக்கத்தை உடைக்கும் வழியை அல்ல. பத்துத் தவறில் அழியும் வசதி கூடாது, இடையில் காக்க வைக்கக் கூடாது, கையால் தட்டாமல் மின்னணு முறையில் எண்களை உள்ளே அனுப்ப வழி வேண்டும் என்ற மூன்றையும்தான். அந்த மாடலில் தவறுகளை எண்ணி நேரத்தைக் கட்டுப்படுத்தும் தனிப் பாதுகாப்புப் பகுதி சிப்புக்குள் கிடையாது, அதனால்தான் மென்பொருளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடிந்தது. ஆப்பிள் மறுத்தது. மார்ச் இறுதியில், வேறொருவர் உதவியோடு திறந்துவிட்டோம் என்று எஃப்பிஐ வழக்கைத் திரும்பப் பெற்றது. ஐஃபோன் 5எஸ் முதல் அந்தத் தனிப் பகுதி இருக்கிறது. கூகுளின் பிக்சல் ஃபோன்களில் இதே வேலைக்கான டைட்டன் எம் சிப் 2018-இல் வந்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன்கள் எல்லாவற்றிலும் இதற்கு இணையானது இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஃபோன் வைத்திருப்பவருக்குத்தான் நீளமான ரகசியம் இன்னும் அவசியம்.

பேட்டர்னும் பின் நம்பரும்

காகிதத்தில் பார்த்தால் பேட்டர்ன் பரவாயில்லை. ஒன்பது புள்ளிகளில் போடக்கூடிய கோலங்கள் மொத்தம் 3,89,112. நான்கு இலக்க எண்ணைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு. ஆனால் அந்த லட்சங்களை யாரும் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலோர் ஒரு மூலையில் தொடங்கி, பக்கத்துப் புள்ளிக்குப் போய், ஏதாவது ஓர் எழுத்தின் வடிவத்தில் முடிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியும். திரையை அணைத்துவிட்டு ஃபோனை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். விரல் எண்ணெயில் இழுத்த கோடு அப்படியே மின்னும், எங்கே திரும்பியது என்பதுகூடத் தெரியும். பின் நம்பர் விட்டுச்செல்வது தனித்தனிப் புள்ளிகளை. எந்த எண் என்று சொல்லும், எந்த வரிசை என்று சொல்லாது.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கும் பேட்டர்ன் எளிது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதை அளந்தார்கள். ஃபோனைத் திறக்கும் காட்சியை ஒரே ஒருமுறை பார்த்தவர்களில், ஆறு புள்ளிப் பேட்டர்னைத் திரும்பப் போட்டவர்கள் 64 சதவீதம். ஆறு இலக்க எண்ணைச் சொல்ல முடிந்தவர்கள் சுமார் 11 சதவீதம்தான். விரல் போகும் கோட்டைத் திரையில் காட்டாமல் மறைத்தால் அந்த 64, 35-ஆக இறங்கியது. ஆகவே பேட்டர்னை விட மனமில்லாதவர்கள் அந்தக் கோட்டையாவது செட்டிங்ஸில் மறைத்துவிடலாம். என்னைக் கேட்டால் பேட்டர்னையே விட்டுவிடுவது மேல். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு சூழலில் நியாயம் உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை.

அதற்காக ஆறு இலக்கம் போட்டாலே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 2020-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஒரு சங்கடமான விஷயம் தெரிந்தது. மக்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் ஆறு இலக்க எண்கள், ஊகிக்கும் வாய்ப்பு சில முறைதான் என்னும் சூழலில், நான்கு இலக்கத்தைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானவை அல்ல. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஆறு இடம் கொடுத்தால் 123456 வருகிறது. இல்லையென்றால் நாள், மாதம், ஆண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. பிறந்த தேதியை வைத்தால், தெரியாத திருடனிடமிருந்து ஓரளவு தப்பலாம். வீட்டில் உள்ளவரிடமும் பழைய நண்பரிடமும் அது பூட்டே இல்லை. தாயக்கட்டையை உருட்டியாவது அர்த்தமில்லாத எண்ணை எடுங்கள். இரண்டு நாளில் விரல் தானாகப் பழகிவிடும்.

கைரேகையும் முகமும்

இவை பின் நம்பருக்கு மாற்று என்று பலரும் நினைக்கிறார்கள். இவை அதற்கு மேலே வைத்த ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான். சாவி உங்கள் ரேகையிலிருந்து உருவாவதில்லை. பின் நம்பரில் உருவான சாவியைச் சிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ரேகை பொருந்தினால் எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் ஃபோனை அணைத்துப் போட்டதும் கைரேகை செல்லாமல், பின் நம்பரைத் தட்டச் சொல்கிறது. கைரேகைக்கு அடியில் 1234 இருந்தால் உங்கள் ஃபோனின் வலிமை 1234-தான்.

அப்படியென்றால் கைரேகை வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. பொது இடத்தில் ரகசியத்தைத் தட்டாமலேயே திறக்க முடிகிறது. எட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அப்புறம், பாஸ்வேர்டை எப்போதாவதுதான் தட்ட வேண்டும் என்பதால் அதை நீளமாக வைக்கவும் மனசு வரும்.

முகத்தில் இரண்டு சாதி உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. ஐஃபோனின் ஃபேஸ் ஐடி 30,000-க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி ஆழத்தை அளக்கிறது. யாரோ ஒருவர் முகத்துக்குத் தவறாகத் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது ஆப்பிள். கைரேகைக்கு அவர்கள் சொல்வது 50,000-இல் ஒன்று. ஆனால் இரட்டையர்களுக்கும் உருவம் ஒத்த உடன்பிறப்புகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். முன்பக்க கேமராவை மட்டும் நம்பும் ஆண்ட்ராய்டு முகப்பூட்டு வேறு ரகம். சில மாடல்கள் அச்சிட்ட புகைப்படத்துக்கே திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு இந்த உணரிகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. போலியை 7 சதவீதத்துக்கு மேல் ஏற்காதது மட்டுமே மேல் வகுப்பு. 20 சதவீதத்துக்கு மேல் ஏமாந்தால் கடைசி வகுப்பு. உங்கள் வங்கிச் செயலி கைரேகையை ஏற்று முகத்தை மறுத்தால், அந்த முகப்பூட்டு எந்த வகுப்பு என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

கைரேகையின் உண்மையான பலவீனம் போலி விரல் அல்ல. 2013-இல் ஐஃபோனின் கைரேகைப் பூட்டான டச் ஐடி வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் ஹேக்கர் குழுவான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் போலி ரேகையால் அதை ஏமாற்றிக் காட்டியது உண்மைதான். ஆனால் அவ்வளவு மெனக்கெட யாருக்கு நேரம்? தூங்குபவரின் விரலை எடுத்து வைப்பதும், கையைப் பிடித்து வற்புறுத்துவதும் எளிது. மனதில் உள்ள எண்ணை அப்படி எடுக்க முடியாது. இப்படிப்பட்ட நேரத்துக்கு ஆண்ட்ராய்டின் பவர் மெனுவில் லாக்டவுன் என்று ஒரு பொத்தான் உண்டு; சில மாடல்களில் அதை முதலில் செட்டிங்ஸில் இயக்க வேண்டும். ஃபேஸ் ஐடி உள்ள ஐஃபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். அடுத்த முறை பாஸ்கோடு மட்டும்தான் திறக்கும்.

பூட்டிய ஃபோனும் அணைத்த ஃபோனும்

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்புத் திரை. உள்ளே நிலைமை வேறு.

ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பின் நம்பர் போடாமல் விட்டு வையுங்கள். யாரையாவது உங்களை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும், ஆனால் பெயர் வராது, வெறும் எண் மட்டும் வரும். தொடர்புப் பட்டியல் இன்னும் குறியாக்கத்தில் இருக்கிறது, ஃபோனுக்கே அதைப் படிக்கத் தெரியாது. முதல்முறை பின் நம்பர் போட்ட பிறகுதான் சாவிகள் நினைவகத்துக்கு வருகின்றன. அப்புறம் திரையைப் பூட்டினாலும் பல சாவிகள் அங்கேயே தங்கிவிடும். இல்லாவிட்டால் பூட்டிய நிலையில் பெயர் காட்டவோ செய்தி இறக்கவோ முடியாது. ஐஃபோன் மிக அந்தரங்கமான வகைத் தரவுக்கு மட்டும், பூட்டிய சுமார் 10 விநாடியில் சாவியைத் தூக்கி எறிகிறது. தடயவியல் கருவிகளுக்கு நல்ல வேட்டை, ஒருமுறை திறந்து பூட்டிய ஃபோனில்தான்.

அதனால்தான் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாள் திறக்காமல் கிடக்கும் ஐஃபோன் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. 2025-இல் ஆண்ட்ராய்டுக்கும் கூகுள் இதைக் கொண்டுவந்தது. ஃபோன் வேறு கைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால், அதற்கு முன்பே அணைத்துவிடுவதுதான் எல்லாப் பூட்டுகளையும்விட வலிமையான பூட்டு. காசும் இல்லை, செட்டிங்ஸும் இல்லை.

ஆக, என் தேர்வு: எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு எழுத்துப் பாஸ்வேர்டு, மேலே கைரேகை. அது கை வராதவர்களுக்கு, தேதி அல்லாத ஆறு இலக்க எண்ணும் கைரேகையும். கேமரா முகப்பூட்டும் பேட்டர்னும் என் பட்டியலில் இல்லை.

பூட்டுக்கு வெளியே இருப்பவை

திரைப்பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், நோட்டிஃபிகேஷனில் முழுச் செய்தியும் தெரிந்தால் ஓடிபியைப் படிக்க யாரும் ஃபோனைத் திறக்க வேண்டியதில்லை. முன்னோட்டத்தை மறைக்கும் வசதி இரண்டு வகை ஃபோனிலும் உண்டு. தனியாக நிறுவும் ஆப் லாக் செயலிகள் பெரும்பாலும் திரைக்கு முன் விழும் திரைச்சீலை. குறியாக்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. வாட்ஸ்அப் அரட்டை ஃபோனில் பத்திரம், ஆனால் மேகத்தில் (இணையச் சேமிப்பில்) இருக்கும் பேக்கப்புக்கு 2021-இல் வந்த முழுக் குறியாக்க வசதியை நீங்களாகத்தான் இயக்க வேண்டும்.

பாஸ்கோடையே எட்டிப் பார்த்துவிட்டு ஃபோனைப் பறிப்பவனுக்கு, மேலே சொன்ன கணக்கு எதுவும் தடையில்லை. அவன் முதலில் செய்வது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவது. ஐஓஎஸ் 17.3-இல் வந்த திருட்டுப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், பழக்கமில்லாத இடத்தில் அதைச் செய்ய முகமோ ரேகையோ கேட்கும், ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்து மறுபடியும் கேட்கும். பின் நம்பர் மட்டும் போதாது என்று கைரேகைக்கு முதலிடம் கிடைக்கும் இடம் இது.

கடைசியாக சிம். ஃபோன் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருந்தாலும், சிம் அட்டையைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போய்ச் சேரும். சிம்முக்கென்று தனிப் பின் நம்பர் வைக்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், நெட்வொர்க் நிறுவனம் தரும் பியூகே என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. அதை இயக்குமுன் சிம்மின் இப்போதைய பின் நம்பர் என்ன என்று நெட்வொர்க் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகித்துப் போட்டால் முதலில் பூட்டிக்கொள்வது உங்கள் சிம்தான்.